நேரப் பலகையில் இல்லாத வண்டி

கும்மிடிப்பூண்டி,
11-4-1976

அக்காவுக்கு எம்பார் தெண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். திருவள்ளூரில் அப்பாவும் சுகம். மடைப்பள்ளிப் புகையில் இருமல்தான் விட்டபாடில்லை. நீயும் அத்திம்பேரும் சௌக்கியமா?

பங்குனியில் அம்மாவின் திதிக்கு நீ வருவாய் என்று இலை போடும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதோடு நாலு வருஷம். பள்ளிப்பட்டு கடல் கடந்த ஊர் இல்லை. அத்திம்பேரே அங்கே பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். பஸ் கிடைக்கவில்லை என்று நீ சொல்ல முடியாது.

போகட்டும், ஒரு விசேஷம். எங்கள் உருக்காலைக்கு லாரி லாரியாகப் பழைய இரும்பு வரும். வெட்டி உலையில் போடுவார்கள். போன வாரம் வந்த லாரியில் முழுசாக ஒரு கார் இருந்தது. ஸ்டாண்டர்ட் டென், கரும்பச்சை நிறம், இருபது வருஷத்து வண்டி. சக்கரம் இல்லை, சீட்டில் எலி கூடு கட்டியிருந்தது. ஆனால் நான்கு கதவும் தட்டாமல் சாத்தின. வெட்டுகிறவர் காஸ் டார்ச்சோடு வந்துவிட்டார். நான் குறுக்கே நின்றுவிட்டேன். மேனேஜரிடம் கேட்டுப் பழைய இரும்பு விலைக்கே வாங்கியாயிற்று.

எங்கள் ஆலையில் லேத் ஓட்டும் முனுசாமி தலையில் அடித்துக்கொண்டார். “இன்னா சார், எரிக்க எடுத்துக்கினு போற பொணத்த ஊட்டுக்கு இட்டுக்கினு வர்றீங்களே” என்றார். அப்படிச் சொன்னவர்தான் மாட்டு வண்டி பிடித்து அதைப் புதுவாயல் வரை கொண்டுவந்து சேர்த்தார். அங்கே விக்டோரியா என்று ஒரு அம்மாள் லாரிகளுக்கு டைனமோ பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். கடைக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் நிறுத்திக்கொள்ளச் சொன்னாள்.

இன்ஜின் ஜாம். கைப்பிடி போட்டுச் சுற்றினால் அசையவில்லை. அத்திம்பேர் வண்டிகளோடே வாழ்கிறவர், என்ன செய்யலாம் என்று கேட்டு எழுது.

உன் பிரிய தம்பி,
எம்பார்


பள்ளிப்பட்டு,
2-5-1976

சிரஞ்சீவி எம்பாருக்குக் கமலவல்லி ஆசீர்வாதம். இங்கே இருவரும் க்ஷேமம். அப்பாவின் இருமலுக்கு சித்தரத்தை போட்டுக் கஷாயம் வைத்துக் கொடு.

உன் கடிதம் வந்தது. அவர் பிரித்துப் படித்தார், பிறகு எனக்கும் படித்துக் காட்டினார். உலைக்குப் போகிற வண்டியைத் தம்பி தடுத்துவிட்டான் என்று கேட்டதும் அவருக்கு ஒரே சிரிப்பு. டெபோவில் கூட எல்லோரிடமும் சொன்னாராம்.

திதிக்கு வரமுடியாமல் போய்விட்டது. எனக்கு உடம்பு ஒன்றும் இல்லை. வரமுடியவில்லை, அவ்வளவுதான்.

வண்டியைப் பற்றி இன்னும் எழுது. அதில் எத்தனை பேர் உட்காரலாம்? பின் சீட்டில் இருப்பவர்கள் வெளியே தெரிவார்களா? கிளப்பும்போது நிறையச் சத்தம் போடுமா? எனக்கு ஒன்றும் தெரியாது, சும்மா கேட்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
கமலவல்லி

பின்குறிப்பு: எம்பார், கைப்பிடியை முரட்டுத்தனமாகச் சுற்றாதே, கிராங்க் வீணாகும். பிளக்குகளைக் கழற்றிவிட்டு நான்கு துவாரத்திலும் மண்ணெண்ணெயும் இன்ஜின் ஆயிலும் சரிபாதி ஊற்று. பத்து நாள் தொடாதே. பிறகு டாப் கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் மெதுவாக ஆட்டு. உன் வண்டிக்கும் ஹெரால்டுக்கும் இன்ஜின் ஒரே வம்சம், சாமான் புதுப்பேட்டையில் கிடைக்கும். பொறுமைதான் முக்கியம். – ஆராவமுதன்


கும்மிடிப்பூண்டி,
13-6-1976

அக்காவுக்குத் தெண்டன். எல்லோரும் சுகம். கஷாயத்தை அப்பா முகம் சுளித்துக்கொண்டு குடிக்கிறார்.

அத்திம்பேருக்கு நான் பட்ட கடன் பெரியது என்று சொல். அவர் எழுதியபடியே பத்து நாள் விட்டோம். அதற்குள் பழைய சக்கரம் நான்கு வாங்கி மாட்டினோம். பதினோராம் நாள் ஞாயிற்றுக்கிழமை நானும் முனுசாமியும் முன்னால், தேசப்பன் பின்னால் நின்று ஆட்டினோம். முப்பது தடவை ஒன்றுமில்லை. அதன்பிறகு உள்ளே “டக்” என்று ஒரு சத்தம், வண்டி ஒரு முழம் நகர்ந்தது. தேசப்பன் குப்புற விழுந்து மண்ணோடு எழுந்து சிரிக்கிறார்.

தேசப்பன் பழவேற்காட்டுக்காரர். மீன்பிடிக் குடும்பம், படகு இன்ஜின் பழுதுபார்த்துப் பழகிய கை. ரயிலில் என்னோடு பழக்கம். “போட்டு இன்ஜினும் இதும் ஒண்ணுதான் சார். அது நின்னா நீந்தணும், இது நின்னா தள்ளணும், வேற வித்தியாசம் இல்ல” என்கிறார். வால்வுகளை உட்கார்ந்து கையாலேயே தேய்த்துப் பொருத்திக்கொண்டிருக்கிறார். விக்டோரியாவின் புருஷன் லாரி எலக்ட்ரீஷியனாக இருந்து இறந்தவர். அவர் செய்த வேலையை அவள் இப்போது அவரைவிட நன்றாகச் செய்கிறாள் என்று லாரிக்காரர்கள் சொல்கிறார்கள். நம் டைனமோவை வாங்கிக்கொண்டு, “அவசரப்படுத்தாதீங்க, லாரி வேலை முடிச்சிட்டு சுத்தித் தர்றேன்” என்றாள். கூலி என்றால் மூன்று பேருக்கும் கோபம் வருகிறது. ஞாயிறு காலை நாஷ்டா மட்டும் என் பொறுப்பு.

நீ கேட்டதற்குப் பதில்: நான்கு பேர் தாராளமாக உட்காரலாம், நெருக்கினால் ஐந்து. பின் கண்ணாடி சின்னது, யாரும் தெரியமாட்டார்கள். சத்தம் இனிமேல்தான் தெரியவேண்டும்.

ஆடியில் நீயும் அத்திம்பேரும் வாருங்கள். நீ வந்து பார்த்தால் எனக்குத் திருப்தியாக இருக்கும்.

எம்பார்


பள்ளிப்பட்டு,
4-7-1976

சிரஞ்சீவி எம்பாருக்கு ஆசீர்வாதம். இங்கே க்ஷேமம். மழைதான் இல்லை.

ஆடியில் வருவதற்கில்லை. ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் கூட்டம் போகும், ஸ்பெஷல் பஸ் விடவேண்டும், அவருக்கு லீவு கிடையாது. விடியற்காலை முதல் பஸ்ஸுக்கு நாலு மணிக்கே போய்விடுவார். எழுந்து வந்து தாழ்ப்பாள் போடும் சிரமம் எனக்கு வேண்டாம் என்று வெளியே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போவார். மத்தியானம் சாப்பிட வந்தால் திறப்பார். தெருக்குழாய்க்கு நான் குடம் தூக்கிப் போகக்கூடாது என்று உள்ளேயே குழாய் போட்டுக் கொடுத்துவிட்டார். கொல்லைச் சுவரையும் ஒரு ஆள் உயரம் தூக்கியாயிற்று. எனக்கு ஒரு குறையும் இல்லை.

வண்டி எப்போது ஓடும்? தை மாதத்துக்குள் ஆகுமா? திருவள்ளூர் வரை வருமா, இல்லை அதற்கு மேலும் வருமா?

கமலவல்லி

பின்குறிப்பு: இன்ஜினை இறக்கியதும் பேரிங் மூடிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று உளியால் அடையாளம் போட்டுக்கொள். மாற்றிப் போட்டால் கிராங்க் பிடிக்கும். இத்துடன் மயிரிழை இடைவெளி அளக்கும் என்னுடைய ஃபீலர் கேஜை டிரைவர் ஒருவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். இருபது வருஷமாக என்னிடம் இருப்பது. திருப்பித் தரவேண்டாம். – ஆராவமுதன்


கும்மிடிப்பூண்டி,
22-8-1976

அக்காவுக்கும் அத்திம்பேருக்கும் தெண்டன். நலம். ஃபீலர் கேஜ் பத்திரமாக வந்து சேர்ந்தது. முனுசாமி அதைத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, “உங்க மாமா இத்த சாமி மாதிரி வெச்சிருந்துகீறாரு” என்றார்.

சிலிண்டர் பிளாக்கை மெட்ராஸுக்குக் கொண்டுபோய்த் துளைகளை அகலமாகக் கடைந்து வந்தோம். பாசஞ்சர் ரயிலில் சாக்குப்பையில் சுற்றி ஏற்றினோம். டிக்கெட் பரிசோதகர் என்ன என்று கேட்க, தேசப்பன் “மீனு சார்” என்று சொல்லிவிட்டார். இனிமேல் பெரிய சைஸ் பிஸ்டன் போடவேண்டும். கிராங்க்கிலும் ஒரு இடத்தில் தேய்மானம், அதையும் கடைசல் பிடிக்கவேண்டியிருக்கிறது.

உன் கடிதங்களை ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் எல்லோருக்கும் படித்துக் காட்டுவேன், அத்திம்பேரின் குறிப்புகளுக்காக. போன வாரம் படித்து முடித்ததும் விக்டோரியா கையிலிருந்த செப்புக் கம்பியைக் கீழே வைத்துவிட்டு, “சார், உங்க அக்கா எழுதற கடுதாசில அவுங்க எங்க கீறாங்க?” என்று கேட்டாள். எனக்குப் புரியவில்லை. “காரு கீது, பஸ்ஸு கீது, பூட்டு கீது. இன்னா சாப்ட்டாங்க, யாரு கூட சிரிச்சாங்க, ஒண்ணும் இல்லியே. போய்ப் பாத்துட்டு வாங்க சார்” என்றாள். அவளுக்கு எதையும் உடைத்துப் பேசிப் பழக்கம். ஆனால் எனக்கும் உன்னைப் பார்க்கவேண்டும்போல் ஆகிவிட்டது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

எம்பார்


பள்ளிப்பட்டு,
26-9-1976

சிரஞ்சீவி எம்பாருக்கு ஆராவமுதன் ஆசீர்வாதம். க்ஷேமம். உன் கடிதத்துக்குப் பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். கமலாவின் வலது மணிக்கட்டில் சிறிய அடி. ஜன்னல் கதவில் நசுக்கிக்கொண்டாள். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை, நானே ஒத்தடம் கொடுத்து வருகிறேன். எழுத முடியாததால் நான் எழுதுகிறேன்.

இப்போது வரவேண்டாம். அவளுக்கு ஓய்வு தேவை. குடும்பக் கடிதங்களை ஊர் பேர் தெரியாதவர்கள் நடுவில் படிப்பது அழகில்லை என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. நீ படித்தவன்.

பிஸ்டன் போடும்போது ரிங்குகளின் வாய்கள் ஒரே நேர்கோட்டில் வராமல் சுற்றிலும் பிரித்து வை. ஹெட்டை இறுக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போ. ஒரே மூச்சில் இறுக்காதே, மூன்று சுற்றாக இறுக்கு. வண்டி சூடாகி ஆறியபின் இன்னொரு முறை பார். எதையும் தளர விட்டால்தான் கெடும்.

ஆராவமுதன்


கும்மிடிப்பூண்டி,
31-10-1976

அக்காவுக்குத் தெண்டன். கை எப்படி இருக்கிறது?

தீபாவளிக்கு மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிப்பட்டுக்கு வந்தேன். அத்திம்பேர் சொல்லியிருப்பார். பஸ்ஸிலிருந்து நான் இறங்குவதற்கு முன்பே படிக்கட்டருகில் நின்றுகொண்டிருந்தார். திருத்தணியில் நான் ஏறியது அவருக்கு எப்படியோ எட்டிவிட்டிருந்தது. தோளில் கை போட்டு ஓட்டலுக்கு அழைத்துப்போய் இட்லி வாங்கிக் கொடுத்தார். நீ அவருடைய அம்மாவோடு சோளிங்கருக்கு மலையேறப் போயிருப்பதாகச் சொன்னார். கை வலியோடு மலையா என்று கேட்டேன். வேண்டுதல் என்றார்.

வீட்டு வாசலையாவது பார்த்துவிட்டுப் போகிறேன் என்றேன். “பூட்டின ஆத்தைப் பார்த்து என்ன பண்ணப்போறே?” என்று சிரித்தார். உனக்குக் கொண்டுவந்த புடவையையும் லட்டையும் வாங்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் டிரைவருக்குப் பக்கத்தில் எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார். பஸ் புறப்படும்வரை ஜன்னலைப் பிடித்துக்கொண்டு பிரேக் சிலிண்டரைப் பற்றிப் பேசினார். அவர் சொன்னதெல்லாம் சரி. ஆனாலும் திருத்தணி வரும்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

உன் கையால் இரண்டு வரி எழுது.

எம்பார்


(பென்சிலில், பஸ் டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கத்தில். உறையின் மேல்: எம்பார், மேற்பார்வை விக்டோரியா, டைனமோ கடை, புதுவாயல் கூட்டுச்சாலை)

25-11-1976

எம்பார், நான் உயிரோடு இருக்கிறேன். அதற்கு மேல் க்ஷேமம் என்று இந்த முறை எழுதப்போவதில்லை. இதை அவர் பார்க்கமாட்டார். பால் ஊற்றும் செங்கம்மாள் தபாலில் போடுகிறாள். “குடும்மா, எனுக்குப் படிக்கத் தெரியாது. உங்க வூட்டுக்காரரு கேட்டாலும் சொல்றதுக்கு ஒண்ணும் இல்ல” என்றாள். உன் கடிதங்களில் எப்போதும் வரும் அந்தக் கடை ஞாபகம் வந்தது, அதனால் இந்த முகவரி.

தீபாவளிக்கு நான் சோளிங்கருக்குப் போகவில்லை. பூட்டின வீட்டுக்குள்தான் இருந்தேன். மத்தியானம் புடவையைக் கொடுத்து, உன் தம்பி தபாலில் அனுப்பியிருக்கிறான் என்றார். பொட்டலத்தில் முத்திரை இல்லை. நீ வந்து போயிருக்கிறாய் என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு பர்லாங்கு தூரத்தில் நீ இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறாய்.

எப்படி ஆரம்பித்தது என்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு கண்டக்டர் மீதிச் சில்லறை கொடுக்கும்போது என்னைப் பார்த்துச் சிரித்தான் என்றார். அதோடு நான் பஸ்ஸில் போவது நின்றது. அப்புறம் தெருக்குழாய், அப்புறம் கோயில், அப்புறம் பக்கத்து வீடு. நாலு வருஷமாக வாசற்படி தாண்டியது ஒரே ஒரு தடவை. அன்று அவர் பூட்ட மறந்துவிட்டார். நான் கட்டிய புடவையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திருத்தணி பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் டிக்கெட் கிழிக்கவில்லை. “அம்மா, டைம் கீப்பர் சாருக்குத் தெரியாம உங்கள ஏத்திக்கினு போனா என் வேலை பூடும், எறங்குங்கம்மா” என்று கும்பிட்டான். வீடுவரை கூடவே நடந்துவந்து விட்டுவிட்டுப் போனான். வாடகைக் கார்களும் அந்த ஸ்டாண்டில்தான் நிற்கின்றன. இந்த ஊரை விட்டு எந்த வண்டி எத்தனை மணிக்குப் போகும், யார் ஓட்டுவார்கள் என்பதெல்லாம் அவருடைய நேரப் பலகையில் இருக்கிறது. உன் வண்டி ஒன்றுதான் அதில் இல்லை. அதனால்தான் பைத்தியம்போல் அதைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடிக்கிறவர் இல்லை. செங்கம்மாளோடு ஜன்னல் வழியாக இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டேன். கதவைச் சாத்தினார். என் கை நடுவில் இருந்தது. தெரிந்து சாத்தினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்று நாள் லீவு போட்டு ஒத்தடம் கொடுத்தார், அழுதார். அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

அப்பாவிடம் சொல்லாதே. மூன்று வருஷத்துக்கு முன் எல்லாவற்றையும் அப்பாவுக்கு எழுதினேன். அப்பா பதிலை அவருக்கு எழுதினார். குழந்தை அறியாமல் எழுதிவிட்டாள், பொறுத்துக்கொள்ளவேண்டும் என்று. என் கடிதத்தையும் அதோடு திருப்பி அனுப்பியிருந்தார்.

வண்டி ஓடுமா? ஓடும் என்றால் மட்டும் செங்கம்மாள் பேருக்கு எழுது.

கமலா


புதுவாயல்,
12-12-1976

அக்கா,

உன் கடிதத்தை இந்த முறை யாருக்கும் படித்துக் காட்டவில்லை. விக்டோரியா என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே வாங்கிப் படித்தாள். பிறகு மற்ற இருவரையும் கூப்பிட்டு, “ஞாயித்துக்கிழம மட்டும் வந்தா ஆவாது, டூட்டி முடிஞ்சி டெய்லி வாங்க” என்றாள். ஏன் என்று முனுசாமி கேட்டார். அவள் சொன்னாள். தேசப்பன் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றுவிட்டு வந்தார்.

எனக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கவும் வாய் வரவில்லை. எட்டு மாதமாக அவருடைய குறிப்புகளைப் படித்து மெச்சிக்கொண்டிருந்தேன். அவர் சொல்லிச் செய்த வேலை ஒவ்வொன்றும் சரியாக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

இன்ஜின் இன்னும் பாகம் பாகமாகக் கிடக்கிறது. பெட்ரோல் டாங்க் உள்ளே துரு, பிரேக் அறவே இல்லை. ஆனால் ஓடவைப்போம். தை அமாவாசை ஜனவரி 19, புதன்கிழமை. திருவள்ளூர் குளத்துக்கு ஜனங்கள் போவார்கள், பள்ளிப்பட்டிலிருந்து விடியற்காலை முதல் ஸ்பெஷல் பஸ். அவர் ஸ்டாண்டை விட்டு நகர முடியாது. காலை எட்டு மணிக்கு வருகிறோம். நான், முனுசாமி, விக்டோரியா. தேசப்பன்தான் ஓட்டுவார், அவரிடம் லைசென்ஸ் இருக்கிறது. பூட்டை முனுசாமி பார்த்துக்கொள்வார்.

நடுவில் அத்திம்பேருக்கும் வழக்கம்போல் எழுதுகிறேன். நிறுத்தினால் சந்தேகம் வரும். பிளக்கில் பொறி விழும் நேரம், அதுதான் இக்னிஷன் டைமிங், சரியாக வரவில்லை என்று கேட்டிருக்கிறேன். உண்மையிலேயே வரவில்லை.

விக்டோரியா ஒரு நிபந்தனை போட்டிருக்கிறாள். “அவுங்க வாயால ‘வரேன்’னு சொல்லணும். அத்தக் கேக்காம பூட்டு மேல கை வெக்காதீங்க. வேற ஒரு ஆம்பள வந்து தூக்கிக்கினு போறதா இருக்கக் கூடாது.” யோசித்து எழுது.

எம்பார்


13-1-1977

எம்பார்,

செங்கம்மாள் வெளியே நிற்கிறாள், அவசரமாக எழுதுகிறேன்.

ஒரு வாரமாக அவர் ரொம்ப நல்லபடியாக இருக்கிறார். பொங்கலுக்கு மஞ்சள் கொத்தும் கரும்பும் அவரே வாங்கிவந்தார். உன் டைமிங் கேள்விக்குப் படம் போட்டுப் பதில் எழுதிவிட்டு, உன் தம்பிக்கு நல்ல கை, ஓட்டிவிடுவான் என்று என்னிடம் சொன்னார். நான் போய்விட்டால் இவருக்கு ரசம் யார் வைப்பார்கள் என்று நினைத்தேன். வரவேண்டாம் என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன்.

சாப்பிட்டுக் கை அலம்பிவிட்டுப் போனார். வெளியே பூட்டு விழுந்தது. இழுத்துப் பார்த்தார், எப்போதும் இரண்டு தடவை இழுப்பார்.

வா. நான் வருகிறேன்.

கமலா


புதுவாயல்,
20-2-1977

உங்களுக்குக் கமலவல்லி எழுதுவது. நமஸ்காரம் என்று எழுதி அடித்தேன். திரும்பவும் எழுதுகிறேன், நமஸ்காரம். நான் சுகமாக இருக்கிறேன். நீங்கள் சாப்பிடுகிறீர்கள் என்று நம்புகிறேன்.

என்ன நடந்தது என்று நீங்கள் ஊரில் பலவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். என் வாயால் சொல்லவேண்டும் என்றுதான் எழுதுகிறேன். யாரும் என்னைக் கடத்திக்கொண்டு போகவில்லை. எட்டு மணிக்கு வண்டி வந்தது. கதவுக்கு வெளியே ஒரு பெண் குரல், “அம்மா, நீங்க வர்றீங்களா?” என்று கேட்டது. எழுந்து கதவருகே வந்தேன். இரண்டாம் தடவை கேட்டபோது வரேன் என்றேன். பிறகுதான் பூட்டை அறுத்தார்கள். எதிர்வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நாலு வருஷமாக அவர்கள் கேட்காமல்தான் இருந்தார்கள்.

பொதட்டூர்ப்பேட்டை தாண்டி ஒரு மைலில் வண்டி நின்றுவிட்டது. டாங்கிலிருந்து துரு வந்து பெட்ரோல் குழாயை அடைத்துக்கொண்டது. தேசப்பன் குழாயைக் கழற்றி வாயால் ஊதிக்கொண்டிருந்தார், வாயெல்லாம் பெட்ரோல். எம்பார் பின்னால் ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். அப்போது உங்களுடைய ஸ்பெஷல் பஸ் ஒன்று நிறைய ஜனங்களோடு வந்து நின்றது. டிரைவர் இறங்கி வந்தார். குனிந்து உள்ளே பார்த்தார். என்னைத் தெரிந்துகொண்டார். நான் புடவைத் தலைப்பை விலக்கி அவரை நேராகப் பார்த்தேன். இனி மூடிக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றிவிட்டது.

டிரைவர் நிமிர்ந்தார். பிறகு பஸ்ஸைப் பார்த்துத் திரும்பி, “ஆம்பளைங்க நாலு பேர் எறங்குங்கபா, வண்டி தள்ளணும்” என்றார். அவரும் சேர்ந்து தள்ளினார். இன்ஜின் பிடித்துக்கொண்டது. அவர் பெயரை எழுதமாட்டேன், நீங்கள் தேடவும் வேண்டாம்.

நீங்கள் எழுதிக் கொடுத்த டைமிங்கில்தான் அந்த வண்டி கிளம்பியது. அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. உங்களுக்கு வண்டிகளைப் பற்றித் தெரிந்த அளவுக்கு மனுஷர்களைப் பற்றித் தெரிந்திருந்தால் நான் இதை எழுதவேண்டியிருந்திருக்காது.

அப்பா இங்கே வந்தார். ஊர் என்ன சொல்லும் என்றார். “நான் சொன்னதை நீங்க கேக்கலையேப்பா, ஊர் சொல்றதை நான் ஏன் கேக்கணும்?” என்றேன். எழுந்து போய்விட்டார். போன வாரம் திரும்ப வந்து, வாசலில் நின்றபடியே ஒரு பொட்டலம் புளியோதரை கொடுத்துவிட்டுப் போனார்.

நான் விக்டோரியாவின் கடையில் வேலை கற்றுக்கொள்கிறேன். டைனமோவின் உள்ளே ஆர்மேச்சர் என்று ஒன்று உண்டு, அதற்குச் செப்புக் கம்பி சுற்றவேண்டும். சுற்று எண்ணிக்கை ஒன்று தப்பினாலும் எல்லாவற்றையும் பிரிக்கவேண்டும். நல்லபடியாக எல்லாம் முடிந்துவிட்டது என்று எழுதமாட்டேன். இப்போதும் நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. கதவு சாத்தித்தான் இருக்கிறது, பூட்டவில்லை என்று தெரியும். ஆனாலும் யாராவது வந்து திறக்கும்வரை பாயிலேயே உட்கார்ந்திருக்கிறேன். விக்டோரியா எழுந்து திறந்துவிடுகிறாள்.

போன வெள்ளிக்கிழமை நீங்கள் வந்ததைப் பார்த்தேன். எதிரே டீக்கடையில் சாம்பல் நிறச் சட்டை போட்டுக்கொண்டு நின்றீர்கள். கண்ணாடி கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை. நான் அப்போது நூற்றுப் பதினாலாவது சுற்றில் இருந்தேன். உள்ளே ஓடிவிடலாமா என்று இருந்தது. உங்களிடம் வந்துவிடலாமா என்றுகூட ஒரு நொடி இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பி தளர்ந்தது. இழுத்துப் பிடித்துக்கொண்டு நூற்றுப் பதினைந்து என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்படியே எண்ணிக்கொண்டே போனேன். முடித்து நிமிர்ந்தபோது டீக்கடையில் நீங்கள் இல்லை.

அந்த ஆர்மேச்சரை விக்டோரியா சோதித்துப் பார்த்தாள். சரியாக இருந்தது. அது ஒரு நெல்லூர் லாரிக்கானது. மறுநாள் காலையில் அவர்கள் வந்து மாட்டிக்கொண்டு போனார்கள்.

இப்படிக்கு,
கமலவல்லி